புதுப்பிப்பு: கெயினைக் குறைத்தேன், ரிஃப் கனத்தது

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் வாசிக்கும்போது கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) கனமாக ஒலிக்காமல் வெறும் இரைச்சலாகக் கலங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கெயினை, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெருக்க அளவை, கூட்டிக்கொண்டே போனதுதான் என் தவறு; சுரங்களை அடுக்கும் முறையை மாற்றியதும் நிலைமை அடியோடு மாறிவிட்டது.

ஏ பவர் கார்டில் (ஆதார சுரமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த அடுக்கு) 110 ஹெர்ட்ஸ் ஆதார சுரத்துக்கு மேலே நிற்கும் பஞ்சமத்தை, ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டி, 82 ஹெர்ட்ஸில் கீழேயும் சேர்த்தால், டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு) ஆதார சுரத்துக்கும் அந்தக் கீழ்ப் பஞ்சமத்துக்கும் உள்ள வேறுபாடான ஏறத்தாழ 27.5 ஹெர்ட்ஸையும், அதாவது இரண்டு ஸ்தாயி கீழே உள்ள அதே ஏ சுரத்தையும் பிறப்பிக்கிறது. சாதாரண பவர் கார்டில் அந்த வேறுபாடு 55 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். முதன்முறை இதை வாசித்தபோது மரத்தூணில் சாய்ந்திருந்த என் முதுகிலேயே அதிர்வு தெரிந்தது.

ஈ மைனர் கார்டில் காந்தாரம் ஆதார சுரத்தை ஒட்டி நின்றால் ஒலி குழம்புகிறது. ஆகவே ஆறாம் தந்தியைத் திறந்தும், ஐந்தாவதை இரண்டாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டு) அழுத்தியும், நான்காவதை அதே விரல் நுனியால் அடக்கியும், மூன்றாவதைத் திறந்தும் வாசிக்கிறேன். காந்தாரம் ஒரு ஸ்தாயி மேலே போய்விடுகிறது.

ஆத்தங்குடித் தரையின் எதிரொலிக்கு மட்டும் ஜமுக்காளம் விரிக்க வேண்டியிருந்தது.