24 சதவீதம் குறைந்ததாம்! யார் வீட்டில், யார் கடையில்?

அடிவாரக்கடை:
நேற்று மெய்யனூர்டயட் எழுதியதைப் படித்ததிலிருந்து கை துறுதுறு என்கிறது. அவர் சொன்னது இது: "சர்க்கரை பானங்களின் மேல் எச்சரிக்கை முத்திரை போட்ட சிலி நாட்டில் விற்பனை 24 சதவீதம் விழுந்தது. இங்கே போட்டால் நம் சேலத்திலும் அதேதான் நடக்கும்." ஏற்காடு மலை ஏறுகிற ரோட்டில் கூல்டிரிங்ஸ் விற்றுப் பிழைக்கிறவன் நான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்த்து ஒழுகும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவனும் படித்ததில்லை. "அண்ணா, கருப்பு ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு" என்று நிறத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். எக்ஸ்பைரி தேதியையே பார்க்காதவன் எச்சரிக்கையைப் பார்க்கப் போகிறானா? 24 எங்கிருந்து வந்தது, அவரே வந்து சொல்லட்டும்.

மெய்யனூர்டயட்:
கை துறுதுறுத்தால் கொஞ்சம் படிக்கவும் செய்யலாம். சிலியில் சட்டம் அமலுக்கு வந்தது 2016 ஜூனில். அப்போதைய வரம்புப்படி, சர்க்கரை சேர்த்த பானத்தில் 100 மில்லிக்கு 6 கிராமைத் தாண்டினால் பாட்டிலின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை. 2015 முதல் 2017 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாங்கியதைக் கணக்கெடுத்து, 2020இல் பிளாஸ் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். சட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்களோ, அதைவிட 23.7 சதவீதம் குறைவு. 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை. நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்தது. இதைப் பாட்டில் மேல் எழுதினால் உங்களுக்கு என்ன வலிக்கிறது? வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம்தானே?

குகைத்தறி:
23.7 எப்படி 24 ஆச்சு? ஜிஎஸ்டி சேர்த்தாங்களோ?

அடிவாரக்கடை:
அவர் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள். "குடும்பங்கள் வாங்கியது." அதாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பாட்டில். பொட்டிக்கடை வாசலில் நின்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவன் அந்தக் கணக்கில் இருக்கிறானா? இல்லை. அப்புறம் எப்படி "விற்பனை 24 சதவீதம் விழுந்தது" என்று எழுதலாம்? எழுதியது விற்பனை, காட்டுவது வீட்டுக் கணக்கு. என் கடையில் முக்கால்வாசி நின்று குடிக்கிற கூட்டம். சிகரெட்டைப் பாருங்கள். 2016 ஏப்ரலிலிருந்து பெட்டியில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படமும் எழுத்தும்தான். ஆனால் வாங்குகிறவன் லூஸாக ஒன்று வாங்குகிறான். பெட்டி என் கையில், படம் என் கண்ணுக்கு. பயந்தால் நான்தான் பயப்பட வேண்டும்.

செவ்வாய்மண்டி:
வழக்கத்துக்கு மாறாக அடிவாரக்கடை சொல்வதில் விஷயம் இருக்கிறது. (மாம்பழத் தகராறில் அவர் என்னைப் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. அது வேறு.)

ஏற்காடுகாபி:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சிலியில் முத்திரை தனியாக வரவில்லை. அதே சட்டத்தில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை, பள்ளிக்கூடத்தில் விற்கவும் தடை. அதற்கு முன்பே 2014இல் சர்க்கரை அதிகமுள்ள பானத்துக்கு வரியை 13இலிருந்து 18 சதவீதமாக ஏற்றியிருந்தார்கள். குறைந்ததில் முத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவமனை கேன்டீனில் செய்த சோதனை இதைவிடத் தெளிவு. வெறும் எழுத்து ஒட்டினார்கள், மாற்றமே இல்லை. கலோரி எண்ணை ஒட்டினார்கள், அதற்கும் இல்லை. சொத்தைப் பல், பருத்த வயிறு, சர்க்கரை நோய்க்கான ஊசி என்று படம் போட்டார்கள். வாங்கிய பானங்களில் சர்க்கரை பானத்தின் பங்கு 21.4இலிருந்து 18.2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆக, எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அடிவாரக்கடை:
நன்றி காபி சார். எழுத்துக்கு மாற்றமே இல்லை! எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். படம் போட்டும் இறங்கியது மூன்றே மூன்று புள்ளி. 24 எங்கே, 3 எங்கே?

மெய்யனூர்டயட்:
21.4இல் 3.2 குறைந்தால் அது கிட்டத்தட்ட 15 சதவீதம். கல்லாவில் உட்காருகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா, வேண்டுமென்றே விடுகிறாரா? காபி சார் பாதி சொன்னால் அதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

லேபிளை யாரும் படிப்பதில்லை என்கிறீர்களே. "ஓஆர்எஸ்" (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல்) என்று பெயரில் போட்டுக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் விற்றார்களே, அதை ஏன் வாங்கினார்கள்? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்மார்கள் அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை இல்லாத எதற்கும் அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுக்க வேண்டி வந்தது. நல்லது என்று எழுதினால் படிக்கிறார்கள், கெட்டது என்று எழுதினால் மட்டும் கண் தெரியாமல் போய்விடுமா?

குகைத்தறி:
இது நல்ல கேள்வி. அடிவாரம் பதில் சொல்லாது, பாருங்கள்.

அடிவாரக்கடை:
அது மருந்துக்கடை விவகாரம், என்னிடம் ஏன்? 24க்கு வாருங்கள். நின்று குடித்தவன் கணக்கில் உண்டா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில்.

மெய்யனூர்டயட்:
வீட்டுக்கு வாங்குவது குறைந்தால் வீட்டில் பிள்ளைகள் குடிப்பதும் குறையும். அதுதான் நோக்கமே.

அடிவாரக்கடை:
ஒரு வார்த்தை கேட்டேன். பத்து வார்த்தை வந்திருக்கிறது, அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். சர்க்கரை பானம் என்று நீங்கள் எதையெல்லாம் சொல்கிறீர்கள்? நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, டப்பா மாம்பழ ஜூஸ் எல்லாம் சேருமா?

செவ்வாய்மண்டி:
மாம்பழ ஜூஸை இதில் இழுக்காதீர்கள். அது பழம்.

ஏற்காடுகாபி:
டப்பாவில் பழம் கொஞ்சம், மீதி தண்ணீரும் சர்க்கரையும். அந்தக் கொஞ்சமும் பெரும்பாலும் கிருஷ்ணகிரிப் பக்கத்து பெங்களூரா ரக மாம்பழக் கூழ். சேலம் மாம்பழம் என்று பெருமைப்பட அதில் எதுவும் இல்லை.

செவ்வாய்மண்டி:
பெங்களூரா என்றால் இளப்பமா? மலை மேல் உட்கார்ந்து காபி குடிப்பவர்களுக்கு மண்டியின் வலி எப்படித் தெரியும்? மல்கோவாவையும் இமாம்பசந்தையும் மட்டும் விற்று எந்த மண்டியும் நடக்காது.

அடிவாரக்கடை:
நன்னாரியைப் பற்றிச் சொல்கிறேன். நன்னாரி உடம்புக்குக் குளிர்ச்சி. எங்கள் அப்பா காலத்திலிருந்து விற்கிறோம், குடித்து யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதற்கும் கறுப்பு முத்திரை குத்துவார்களா இவர்கள்? கிளாஸில் ஊற்றித் தருகிறேன், எங்கே குத்துவார்கள், கிளாஸிலா, என் நெற்றியிலா?

மெய்யனூர்டயட்:
நன்னாரி வேர் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். அதைச் சுற்றியிருக்கும் சர்க்கரைப் பாகும் குளிர்ச்சியா? முத்திரை வேண்டாம் என்று நீங்கள் நிற்பதற்குக் காரணம் இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அடிவாரக்கடை:
காரணம் வியாபாரம் என்றால் ஆமாம், வியாபாரம்தான். ஏற்கனவே 40 சதவீத வரி. முன்பு ஜிஎஸ்டி 28ம் செஸ் என்ற கூடுதல் வரி 12ம் என்று பிரித்து வாங்கினார்கள், 2025 செப்டம்பரிலிருந்து மொத்தமாக 40. அதற்குப் பிறகும் 10 ரூபாய் பாட்டில் என் கடையில் பெட்டி பெட்டியாகப் போகிறது. வரிக்கே அசையாதவன் முத்திரைக்கு அசைவானா? பாக்கெட்டின் முன்பக்கம் என்ன எச்சரிக்கை போடுவது என்று பார்க்கும் குழுவுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதம் கெடு வைத்தது. அதற்கு முன் 2022இல், முத்திரைக்குப் பதில் பாக்கெட் மேல் தர நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை, லாட்ஜுக்குப் போடுவது மாதிரி. முதலில் முத்திரையா நட்சத்திரமா என்று தீர்மானித்துவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள். அதுவரை 24 என்பது வீட்டுக் கணக்கு. மறுபடியும் சொல்கிறேன், வீட்டுக் கணக்கு.

ஏற்காடுகாபி:
முத்திரைதான் வேண்டும் என்கிறார் மெய்யனூர்டயட், அப்படியானால் நட்சத்திரம் வேண்டாம் என்பதில் அவரும் உங்கள் பக்கம்தான். அதையாவது கவனித்தீர்களா?

மெய்யனூர்டயட்:
நான் யார் பக்கமும் இல்லை. என் பெயரில் சமாதானம் பேச வேண்டாம் சார்.

குகைத்தறி:
புதுவரவு கேட்டதற்கு யாராவது பதில் சொன்னீர்களா?

செவ்வாய்மண்டி:
முதலில் மாம்பழத்துக்கு வரட்டும். போன சீசனில் "மண்டிக்காரன் எல்லாம் கல் வைத்துப் பழுக்க வைக்கிறான்" என்று இதே அடிவாரக்கடை எழுதினார். அதை இன்னும் திரும்பப் பெறவில்லை.

அடிவாரக்கடை:
பெறவும் மாட்டேன். வாங்கின பழத்தை வீட்டில் அறுத்துப் பார்த்தவன் நான். மேலே மஞ்சள், உள்ளே வெள்ளை. வேண்டுமானால் அதற்கும் ஒரு கறுப்பு முத்திரை கேளுங்கள், முதல் ஆளாக நானே வந்து ஒட்டுகிறேன்.