மாட்டுங்கா குடும்பம் (குழு): ஞாயிறு வளைகாப்பு

வசந்தா, காலை 7:12
ஞாயிறு பத்தரைக்கு ரம்யாவுக்கு வளைகாப்பு. செம்பூர் வீட்டிலேயே. கண்ணாடி வளையல் வாங்கியாகிவிட்டது, பூவுக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் சொல்லிவிட்டேன். யார் யார் வருகிறீர்கள்?

சுரேஷ், 7:14
நாங்கள் நாலு பேர், அப்பாவும்.

மணி, 7:15
(ஃபார்வர்டு) தைராய்டு மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது!! கொத்தமல்லி விதை ஊறிய தண்ணீர் 40 நாள் குடித்தால் தைராய்டு அடியோடு போகும். அனைவருக்கும் பகிரவும் 🙏

மணி, 7:15
ரம்யாவுக்காக.

ரம்யா, 7:17
பெரியப்பா, இதையேதான் மாமியாரும் காட்டினார்கள். இரண்டு நாளாக நான் மாத்திரை போடவில்லை.

கௌசல்யா, 7:17
என்னது! காபி குடித்துவிட்டாயா?

ரம்யா, 7:18
இன்னும் இல்லை அத்தை.

கௌசல்யா, 7:18
அப்படியானால் இப்போதே போடு. வெறும் தண்ணீரில். காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

சுரேஷ், 7:19
சித்தி, ஞாயிறு ஹார்பர் லைனில் மெகா பிளாக், பழுதுபார்க்க ரயிலை நிறுத்துகிறார்கள்.

கௌசல்யா, 7:22
ரம்யா, பொறுமையாகப் படி. இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். கழுத்தில் உள்ள சுரப்பி தினமும் தர வேண்டிய தைராக்சின்தான் அந்த மாத்திரை. உன் சுரப்பி தருவது போதவில்லை, அதனால் வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் குழந்தைக்கென்று தனியாகச் சுரப்பு கிடையாது, அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். அப்புறம் அதன் சுரப்பி வேலையைத் தொடங்கினாலும் உன்னுடையதும் போய்க்கொண்டே இருக்கும். குழந்தையின் மூளை அதில்தான் வளர்கிறது. அதனால்தான் கர்ப்பத்தில் டோஸைக் கூட்டுவார்கள். உனக்கும் 75 மைக்ரோகிராமை 100 ஆக்கினார்கள் இல்லையா?

ரம்யா, 7:24
ஆமாம். அப்படியும் போன வாரம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 6.8 வந்தது, தைராக்சின் போதாவிட்டால் ஏறுமே, அந்த அளவு. மாத்திரையே வேலை செய்யவில்லையோ என்று நினைத்தேன்.

கௌசல்யா, 7:24
இரும்புச்சத்து மாத்திரை எப்போது போடுகிறாய்?

ரம்யா, 7:25
மறக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் காலையிலேயே. இரும்பு, கால்சியம், தைராய்டு மூன்றும் ஒரே டப்பாவில்.

கௌசல்யா, 7:27
அதுதான் காரணமாக இருக்கும்! இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு விடிந்ததும், இரும்பு மதியம், கால்சியம் ராத்திரி. டப்பாவைப் பிரித்து வை. இரண்டு நாள் விட்டதற்குப் பயப்படாதே, உடம்பில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆனால் டாக்டரிடம் மறைக்காதே.

வசந்தா, 7:28
மெகா பிளாக்கா? சமையல்காரர் எப்படி வருவார்?

மணி, 7:29
நல்லதுக்குத்தானே அனுப்பினேன். நம் அம்மா மாத்திரையா போட்டாள்?

கௌசல்யா, 7:33
போடவில்லை அண்ணா. யாரும் பரிசோதனைக்குக் கூட்டிப்போகவில்லை. மே மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் வீங்கி, குரல் கரகரத்து, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பகலில் தூங்குகிறாள், சோம்பேறி என்று இந்த வீட்டில் பேசினோம். நீயும் பேசினாய். கடைசியில் பார்த்தபோது டிஎஸ்எச் 60க்கு மேல். மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து அவளே கோலம் போட்டாள். நான் வாசலில் நின்று அழுதேன்.

மணி, 7:35
நான் மட்டுமா சொன்னேன்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சுரேஷ், 7:36
நாங்கள் குர்லாவில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்கிறோம். புளியோதரை போன தடவை மாதிரி தீர்ந்துவிடாமல் இருந்தால் சரி.

வசந்தா, 7:37
போன தடவை நீங்கள் ஏழு பேரைக் கூட்டி வந்தீர்கள் சுரேஷ்.

வசந்தா, 7:38
கௌசி அக்கா, சனிக்கிழமை டாக்டரிடம் போகலாமா? அன்றைக்குத்தான் மருதாணி வைக்கும் பெண் வருகிறாள்.

கௌசல்யா, 7:38
மருதாணி சாயங்காலம் வைக்கலாம். நான் கூட வருகிறேன்.

வசந்தா, 7:40
அவளுக்குக் காலையில்தான் நேரம். கேட்டுச் சொல்கிறேன்.

ரம்யா, 7:41
அத்தை, நீங்கள் சொன்னதும் 7:19க்கே போட்டுவிட்டேன்.

மணி, 7:44
எட்டு இருபது வரை காபி வேண்டாம் ரம்யாம்மா.