ரிமோட் தொலைந்த டிவி ஸ்டிக்கைப் புது வைஃபையில் இணைக்க உதவி வேண்டும்

திருச்சியிலிருந்து கோவைக்கு வீடு மாறி நான்கு நாள் ஆகிறது. வந்த சாமான்களில், டிவியில் செருகி இணையத்தில் படம் பார்க்கும் ஸ்டிக்கின் ரிமோட் மட்டும் இல்லை. ஸ்டிக் இன்னும் பழைய வைஃபையையே தேடுகிறது. கைப்பேசிச் செயலியை ரிமோட்டாக்கலாம் என்றால், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டுமாம். சிக்கலே அங்குதான். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் பகல் முழுவதும் அந்த டிவிதான் துணை.

ஸ்டிக் 2021இல் வாங்கியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டுமே ஏற்கும். டிவி ரிமோட்டுக்கு அது அசையவில்லை. புது ரவுட்டர் வீட்டுக்காரருடையது, அதில் கைவைக்க முடியாது. ஸ்டிக் பழைய வைஃபை என்று எண்ணி இணையட்டும் என, நேற்றிரவு என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்து, அலைவரிசையை 2.4க்கு மாற்றினேன். மனைவியின் கைப்பேசி உடனே இணைந்தது, ஸ்டிக் இணையவில்லை.

ஹாட்ஸ்பாட்டின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று காட்டுகிறது. பழைய ரவுட்டரில் டபிள்யூபிஏ2. அதனால்தான் ஸ்டிக் இணையவில்லையோ என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதை டபிள்யூபிஏ2 ஆக எங்கே மாற்றுவது?