விடிகாலை பில்லில் மட்டும் நேற்றைய தேதி: மின்ட், விண்டோஸ் இரண்டும் உள்ள கணினி, உதவி தேவை

பால்கடை
வணக்கம். எங்களுடையது பால் கடை, விடிகாலை நாலரைக்கே திறந்துவிடுவோம். கடைக் கணினியில் விண்டோஸ் 10, பில் போடும் மென்பொருள் அதில்தான் ஓடும். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று சொல்லி, மகன் அதே கணினியில் லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டு வைத்தான். கடை மூடிய பிறகு ராத்திரியில் அவன் மின்டில் படிப்பு வேலை பார்ப்பான். காலையில் நான் விண்டோஸைத் திறப்பேன்.

இன்று காலை 4:47-க்குப் போட்ட பில்லில் நேற்றைய தேதி, இரவு 11:17 என்று அச்சாகியிருக்கிறது. 6:10-க்குப் போட்டதில் தேதி சரி, ஆனால் நேரம் நள்ளிரவு 12:40. தினமும் இப்படி வருவதில்லை. கையால் மணியைத் திருத்தினால் சரியாகிறது, அப்புறம் ஒரு நாள் பழையபடி ஆகிவிடுகிறது. மாதக் கணக்கில் வாங்கும் வீடுகள்தான் எங்களுக்கு அதிகம். 1-ஆம் தேதி காலைப் பால் போன மாதக் கணக்கில் ஏறிப்போய், ஒரு அம்மா நோட்டோடு கடைக்கே வந்துவிட்டார்.

இன்னொன்று. மின்டில் டி டிரைவைத் திறக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. ‘ரீட் ஒன்லி’ என்று வருகிறது. இரண்டுக்கும் வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கரூரான்
அண்ணே, மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது போயிருக்கும். கடையில் கேட்டாலே தருவார்கள், மாற்றிப் பாருங்கள்.

டெர்மினல்_தாத்தா
பேட்டரிக்குச் செலவு செய்ய வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் தேதி எங்கேயோ பழைய வருடத்துக்குப் போகும். இவர் கொடுத்த நேரங்களைக் கழித்துப் பாருங்கள். 11:17-க்கும் 4:47-க்கும் நடுவில் ஐந்தரை மணி. 12:40-க்கும் 6:10-க்கும் அதே ஐந்தரை மணி. ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை. நம் நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. அதனால்தான் காலை ஐந்தரைக்கு முன்னால் போடும் பில்லில் மட்டும் தேதி மாறுகிறது. ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறவராக இருந்தால் தேதி மாறவே மாறாது, மணி தப்பாக இருப்பதும் கண்ணில் பட்டிருக்காது.

பால்கடை ஐயா, கடையில் நெட் உண்டா? தப்பு வருகிற நாளுக்கு முந்தின ராத்திரி மகன் மின்டில் நெட் போட்டிருந்தானா?

பால்கடை
கடையில் நெட் கிடையாது தம்பி. அவன் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வான், அதுவும் தேவைப்பட்டால்தான். கேட்டேன். நேற்று ராத்திரி போட்டிருக்கிறான்.

டெர்மினல்_தாத்தா
அப்படியென்றால் சந்தேகமே இல்லை. கணினி அணைந்திருக்கும்போதும் ஓடுகிற கடிகாரச் சில்லு ஒன்று போர்டில் இருக்கிறது, ஆர்டிசி என்பார்கள். அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், டாஸ் காலத்து வழக்கம் அது. லினக்ஸோ அதில் யுடிசி, அதாவது கிரீன்விச் நேரம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணியைத் தானே கூட்டிக் காட்டும்.

மகன் ஹாட்ஸ்பாட் போட்டதும் மின்ட் சரியான நேரத்தை நெட்டிலிருந்து வாங்கி, சில்லில் யுடிசியாக எழுதிவிடுகிறது. காலையில் விண்டோஸ் அதை அப்படியே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நெட் இல்லாததால் அதற்குத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. நெட் போடாத ராத்திரியில் மின்ட் சில்லைத் தொடாது, அதனால் மறுநாள் பில்லும் கெடாது. தினமும் வராததற்கு இதுதான் காரணம்.

சரிதானா என்று பார்க்க ஒரு வழி: நீங்கள் கையால் மணியைத் திருத்திய அன்று ராத்திரி, நெட் போடுவதற்கு முன் மின்டில் மணி ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடியிருக்க வேண்டும். மகனைக் கேளுங்கள்.

பால்கடை
அதே கதைதான்! ராத்திரி 9 மணிக்கு 2:30 என்று காட்டுமாம், ஹாட்ஸ்பாட் போட்டதும் சரியாகிவிடுமாம். அதனால் என்னிடம் சொல்லவில்லையாம். இப்போது என்ன செய்யட்டும்?

சிங்கை_வாசி
சிங்கப்பூரில் எனக்கும் இதே சிக்கல், ஆனால் எட்டு மணி நேரம். லண்டனில் இருக்கும் என் தங்கைக்குக் குளிர்காலம் முழுக்க ஒன்றுமே தெரியவில்லை, அங்கே அப்போது கிரீன்விச் நேரமேதான். மார்ச் கடைசியில் கோடை நேரம் என்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியதும்தான் ஒரு மணி நேரம் இடிக்க ஆரம்பித்தது.

வழி என்று கேட்டால் விண்டோஸைத்தான் மாற்றச் சொல்வேன். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டைம்சோன் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்று ஒரு டிவேர்ட் (எண் வகைப் பதிவு) உருவாக்கி, மதிப்பு 1 கொடுக்க வேண்டும். அப்புறம் விண்டோஸும் சில்லை யுடிசி என்றே படிக்கும். சுத்தமான வழி இதுதான்.

டெர்மினல்_தாத்தா
வழி சரிதான். ஆனால் பில் ஓடுகிற கணினியில் ரெஜிஸ்ட்ரியைத் தொடச் சொல்ல எனக்கு மனசில்லை. மின்டை மாற்றுவது எளிது. மகனை முதலில் ஹாட்ஸ்பாட் போட்டு மணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கட்டளை அடிக்கும் டெர்மினலில், ஆங்கில எழுத்தில், டைம்டேட்சிடிஎல் என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு, செட்-லோக்கல்-ஆர்டிசி 1. பாஸ்வேர்ட் கேட்கும், அவ்வளவுதான். அப்புறம் வெறும் டைம்டேட்சிடிஎல் அடித்தால் ‘ஆர்டிசி இன் லோக்கல் டிஇசட்’ என்ற வரியில் ‘எஸ்’ வரும். கூடவே, இந்த முறையில் கோடை நேர மாற்றத்தின்போது தொல்லை வரலாம் என்று ஒரு நீள எச்சரிக்கையும் வரும். இந்தியாவில் கோடை நேரமே கிடையாது, பயப்பட வேண்டாம். லண்டன் தங்கைக்கு மட்டும் இதைச் சொல்லாதீர்கள், அவருக்கு ரெஜிஸ்ட்ரிதான் சரி.

இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும்.

கரூரான்
பேட்டரி விஷயத்தில் தாத்தா ஜெயித்தார். டி டிரைவுக்கு நான் சொல்கிறேன். மின்டில் அந்த டிரைவை மவுன்ட் செய்யும்போது, அதாவது இணைக்கும்போது, ‘ரிமூவ்_ஹைபர்ஃபைல்’ என்று சேர்த்தால் எழுத விடும் என்று படித்திருக்கிறேன்.

நெல்லை_நிரலி
வேண்டவே வேண்டாம்! டி டிரைவில் பில் தரவு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அண்ணா, விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத் தன் நினைவோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டுத் தூங்கும். அந்த நேரம் மின்ட் உள்ளே போய் எழுதினால், காலையில் விண்டோஸ் பழைய குறிப்போடு எழுந்து வந்து தரவைக் குழப்பிவிடும். அதனால்தான் மின்ட் படிக்க மட்டும் விடுகிறது. நல்ல காரியம்தான் செய்கிறது, அதைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. மேலே ‘கரன்ட்லி அன்அவைலபிள்’ என்று முடியும் ஒரு வரி இருக்கும், அதைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள டிக்கை எடுக்க விடும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்து சேமித்துவிட்டு, ஒரு முறை ஷட் டவுன் செய்யுங்கள். விண்டோஸ் திறக்கக் கொஞ்சம் நேரம் கூடும். அவசரத்துக்கு இன்னொரு வழி: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுக்க அணையும்.

பால்கடை
இரண்டும் செய்தாயிற்று. டி டிரைவில் மகன் எழுதிப் பார்த்துவிட்டான். ராத்திரி வேண்டுமென்றே ஹாட்ஸ்பாட் போடச் சொன்னேன். காலை முதல் பில் 4:38, கைக்கடிகாரத்திலும் அதுவே. ஏற்கெனவே தேதி மாறி ஏறின பில்களை என்ன செய்வது? மென்பொருளில் பழைய பில்லின் தேதியை மாற்ற விடவில்லை.

நெல்லை_நிரலி
விடாமல் இருப்பதுதான் நல்லது அண்ணா, நாளைக்குக் கணக்கு பார்க்கிறவர் கேட்பார். அந்த வீடுகளுக்கு இந்த மாத பில்லில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் பெரிய அப்டேட் ஏதாவது ஏறினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.