பழைய சீடி 125 கண்ணாடி இறுகிவிட்டது: இளக்குவதா, புதுசு போடுவதா?

பொகவந்தலாவை தம்பி:
அப்பா ஓட்டிய ஹொண்டா சீடி 125 பைக் இப்போது என் கையில். என்ஜின் நன்றாக இருக்கிறது. தொல்லை பின்னால் பார்க்கும் இரண்டு கண்ணாடிகளிலும்தான். அப்பா என்னைவிட நல்ல உயரம். அவர் கண்ணுக்கு ஏற்ப வைத்த கோணத்திலேயே இரண்டும் இறுகிப்போய்விட்டன. எனக்குத் தெரிவது பாதி வானம். பிடித்துத் திருப்பினால் கண்ணாடித் தலை அசைவதில்லை, கம்பி முழுவதும் சுற்றி அடி நட்தான் இளகுகிறது. நேற்று நோர்வூட் தாண்டி டிக்கோயா பக்கம் வரும்போது வலப்பக்கம் ஒரு பஸ் முந்தியது. ஹோர்ன் கேட்ட பிறகுதான் அது வருவதே தெரிந்தது. கராஜில் கேட்டால் புதுசு போடச் சொல்கிறார்கள். அப்பா வாங்கியபோது வந்த கண்ணாடி, எறிய மனமில்லை. என்ன செய்யலாம்?

பண்டாரவளை ரைடர்:
தம்பி, கராஜில் சொன்னதுதான் சரி. மனம் எனக்கும் புரிகிறது, ஆனால் கண்ணாடி என்பது நினைவுப்பொருள் இல்லை. என்னுடைய பழைய பைக்கிலும் இப்படித்தான் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி இளக்கினேன். இளகியது. அப்புறம் எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும்போது ஒவ்வொரு குழிக்கும் கண்ணாடி தலை குனிந்தது. இராவணா நீர்வீழ்ச்சிக்கு மேலே ஒரு வளைவில், ஒரு கையால் அதை நிமிர்த்தப் போய் வண்டி கான் ஓரம் வரை போய்விட்டது. அன்றே கழற்றி எறிந்தேன். கண்ணாடித் தலை திரும்புகிற இரும்புக் குண்டைத் துரு தின்றுவிட்டால், அது ஒருபோதும் பழையபடி பிடிக்காது.

ஹட்டன் பழைய கை:
நான் இருபது வருடமாகப் பைக் வேலை செய்கிறேன். பண்டாரவளைத் தம்பி சொல்வதை மறுக்க வேண்டியிருக்கிறது. இளகிய பிறகு தொங்கியது என்றால் துரு மட்டும் காரணம் இல்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை யாரும் இறுக்கவில்லை என்பதும் காரணம்.

தம்பி, முதலில் எங்கே இறுகியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கம்பியின் நுனியில் ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது. அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் றப்பர் மூடி. மழை, பனிமூட்டம், எல்லாம் அந்த மூடிக்குள் இறங்கி வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் நம் பக்கம் எதுவும் காயாது, உங்களுக்கே தெரியும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் குண்டு ஊதிப்போய்க் கிண்ணத்தைக் கவ்விக்கொள்கிறது. நோய் இவ்வளவுதான்.

பைக்கில் வைத்துக்கொண்டு முறுக்காதீர்கள். கண்ணாடியைக் கம்பியோடு கழற்றுங்கள். அடி நட்டுக்குப் பெரும்பாலும் 14 ஸ்பானர். மேசையில் கவிழ்த்து வைத்து, றப்பர் மூடியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, டபிள்யூடி 40 அல்லது மெல்லிய இயந்திர எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள். ஒரு இரவு அப்படியே கிடக்கட்டும். மறுநாள் கம்பியை வைஸ் இடுக்கியில் துணி சுற்றிப் பிடித்து, தலையைக் குண்டுக்கு மிக அருகில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். கண்ணாடி விளிம்பைப் பிடித்து நெம்பினால் கண்ணாடிதான் உடையும். நூல் அளவு அசைந்தால் போதும், நிறுத்தி இன்னொரு சொட்டு விடுங்கள். பழுப்பு நிறத்தில் துரு கசியும், துடைத்துவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். அவசரப்படாமல் செய்தால் இரண்டு மூன்று நாளில் வழிக்கு வரும்.

பண்டாரவளை ரைடர்:
அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் பல கண்ணாடிகளில் கிண்ணம் பிளாஸ்டிக். ஸ்பிரிங்கும் இருக்காது, இறுக்க நட்டும் இருக்காது. அதில் எண்ணெய் விட்டால் வழுக்கத்தான் செய்யும். குண்டும் கிண்ணமும் உரசிப் பிடித்து நிற்பதால்தான் கண்ணாடி நிற்கிறது. அந்தப் பிடியையே எண்ணெய் எடுத்துவிடுகிறதே? இன்னொன்று, யாராவது தின்னர் விடச் சொன்னால் கேட்காதீர்கள் தம்பி. பிளாஸ்டிக்கும் போகும், கண்ணாடியின் பின்பூச்சும் உரியும்.

ஹட்டன் பழைய கை:
தின்னர் விடயத்தில் முழுக்க உங்களோடுதான். பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு வேறு வழி இருக்கிறது. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை கொஞ்ச நேரம் தாங்குகிற சூட்டில் வெந்நீர் எடுத்துத் துணியை நனைத்துக் கிண்ணத்தின் மேல் சுற்றுங்கள். பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும், பிடி தளரும், அப்போது ஆட்டுங்கள். விடியற்காலைக் குளிரில் இந்த வேலையே செய்யக் கூடாது, குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும், சட்டென்று வெடிக்கும். இளகியதும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் தண்ணீர் உள்ளே போகாது. நிறையத் தடவினால் நீங்கள் சொன்ன வழுக்கல் வரும், அது உண்மை.

நானுஓயா தங்கச்சி:
இரண்டு பேரும் தலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அடியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அங்கேதான் நட்டப்பட்டேன். அண்ணனின் யமஹா ஆர்எக்ஸ் 100இல் வலது கண்ணாடி இறுகியிருந்தது. வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினேன். வரவில்லை. ஸ்பானருக்கு ஒரு குழாய் மாட்டி முழுப் பலத்தோடு சுற்றினேன். பிரேக் லீவரைப் பிடித்திருக்கும் அலுமினியத் துண்டின் மரை முழுவதும் உருவிக்கொண்டு வந்தது. பிறகுதான் தெரிந்தது, யமஹாவின் பல மாடல்களில் வலது கண்ணாடிக்கு எதிர் மரை. வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். நான் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டு தேடிக் கண்டி வரை போக வேண்டியிருந்தது.

ஹொண்டாவில் பொதுவாக இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். ஆனாலும் தம்பி, பழைய வண்டி, யார் எதை மாற்றிப் போட்டார்கள் என்று தெரியாது. ஸ்பானர் வைக்கும் முன் வெளியே தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. கம்பி இரும்பு, அது போய் உட்காரும் துண்டு அலுமினியம். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து வெள்ளைத் தூளாக அரித்து ஒட்டிக்கொள்ளும். அங்கே எண்ணெய் மட்டும் போதாது, சூடு வேண்டும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், வெந்நீர்த் துணி சுற்றினாலே மரை கொஞ்சம் விடும். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் அந்தத் துண்டிலேயே பிரேக் எண்ணெய் இருக்கும், அதன் கிட்டே நெருப்பைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஹட்டன் பழைய கை:
தங்கச்சி சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கழற்றுங்கள் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன், அது பிழை. தம்பி, திரும்பப் பூட்டும்போது மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

பண்டாரவளை ரைடர்:
இவ்வளவு வேலையும் செய்துவிட்டுக் கடைசியில் புதுசு போட வேண்டி வந்தால்? என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. குறைந்தபட்சம் வலது கண்ணாடியையாவது மாற்றுங்கள். நமக்கு முந்திக்கொண்டு வருவது எல்லாம் வலப்பக்கம்தான். அது தொங்கினால் உயிருக்கு விலை.

பொகவந்தலாவை தம்பி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டும் சாதாரண மரை. இடது பக்கம் அரை மணித்தியாலத்தில் கழன்றது. வலது பக்கம் வெந்நீர்த் துணி மூன்று தடவை மாற்றிய பிறகுதான் விட்டது, மரையில் வெள்ளைத் தூள் அப்படியே ஒட்டியிருந்தது. கிண்ணம் இரண்டும் இரும்பு, பின்னால் ஸ்பிரிங்கும் சின்ன நட்டும் இருந்தன.

இடது கண்ணாடி இரண்டாம் நாளே அசைந்தது. இப்போது விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். வலது நாலாம் நாள் இளகியது. ஆனால் குண்டில் குழி குழியாகத் துரு தின்றிருந்தது. ஸ்பிரிங் நட்டை இறுக்கிப் பார்த்தேன், ஹட்டன் போய் வருவதற்குள் இரண்டு தடவை தலை குனிந்தது. வலது பக்கத்துக்கு மட்டும் புதுசு வாங்கப்போகிறேன்.

பண்டாரவளை ரைடர்:
வாங்கும்போது ஒன்று கவனியுங்கள் தம்பி. பழைய கண்ணாடி தட்டையாக இருந்து புதுசு குவிந்ததாக இருந்தால், பின்னால் வரும் பஸ் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஒரு பக்கம் ஒரு கணக்கு, மறுபக்கம் இன்னொரு கணக்கு. அதனால்தான் நான் எப்போதும் ஜோடியாக மாற்றச் சொல்கிறேன். கடையிலேயே ஒரு அடிமட்டத்தைக் கண்ணாடி மேல் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் குவிந்தது.

ஹட்டன் பழைய கை:
குவிந்த கண்ணாடியில் அகலமாகத் தெரியும், வளைவு நிறைந்த வீதிக்கு அதுவும் நல்லதுதான் என்பேன். ஆனால் ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்றால் பழகும்வரை கஷ்டம். அதில் பண்டாரவளைத் தம்பி சொல்வது சரி.

பொகவந்தலாவை தம்பி:
அடிமட்டம் கொண்டுபோனேன். முதலில் எடுத்துக் காட்டியது குவிந்தது. தட்டையானது ஒன்று அடியில் கிடந்தது, அதை வாங்கிப் பூட்டிவிட்டேன். இன்று காலை டிக்கோயாவில் பஸ் வருவது ஹோர்னுக்கு முன்பே தெரிந்தது. அப்பாவின் வலது கண்ணாடியை எண்ணெய் தடவிச் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.