வண்டி ஓட்டும்போது மெசேஜ் அடித்ததற்கு ஃபைன் கட்டியாச்சு, இப்போது ஆர்டிஓ நோட்டீஸும் வந்திருக்கிறது. என்ன செய்வது?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம். என் தம்பி கோவையில் கால் டாக்ஸி ஓட்டுகிறான். சொந்த வண்டிதான், ஆனால் இன்னும் டியூ ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் திருச்சி ரோட்டில் போகும்போது புக் செய்த கஸ்டமர் "எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க" என்று மெசேஜ் மேல் மெசேஜாகப் போட்டிருக்கிறார். இவன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு "அஞ்சு நிமிஷம் சார்" என்று அடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். டிராஃபிக் போலீஸ் ஓரம் கட்டச் சொல்லி சலான் போட்டுவிட்டார்கள், லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். ரூ.1,000 அன்றைக்கே கட்டிவிட்டான்.

அதோடு முடிந்தது என்று இருந்தோம். இப்போது ஆர்டிஓ ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, லைசென்ஸை ஏன் 3 மாதத்துக்கு நிறுத்திவைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு. ஒரே தப்புக்கு இரண்டு தடவை தண்டனையா? ஃபைன் கட்டிய ரசீதைக் காட்டினால் விட்டுவிடுவார்களா? ஸ்டாண்டில் சிலர் "கண்டுக்காதே, டிஜிலாக்கர்ல லைசென்ஸ் இருக்குல்ல, அதைக் காட்டிட்டு ஓட்டு" என்கிறார்கள். அப்பாவோ, ஒரு மெசேஜுக்காக மூணு மாசப் பிழைப்பு போகணுமா என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு:

விபத்து வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 184 ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கையில் போன் வைத்துப் பயன்படுத்துவது அந்தப் பிரிவுக்குள் பெயர் சொல்லியே வந்துவிட்டது, சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் எதிர்த்திசையில் வருவதும் இருக்கிற அதே பட்டியலில். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே கட்டி முடிக்கலாம் என்பதற்குத்தான் தமிழக அரசு 2022 அக்டோபரில் தொகை நிர்ணயித்தது: முதல் தடவை ரூ.1,000, அடுத்த தடவை ரூ.10,000. உங்கள் தம்பி கட்டியது இதுதான்.

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் அடுத்து வருகிறது. ஃபைன் கட்டினால் கோர்ட் வழக்கு முடியும், லைசென்ஸ் நடவடிக்கை முடியாது. பிரிவு 200-லேயே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். பணம் கட்டி முடித்தாலும் அது முதல் குற்றமாகக் கணக்கில் நிற்கும், லைசென்ஸ் மீதான நடவடிக்கையும் தொடரும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் அது இரண்டாம் குற்றம், அப்போது சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது.

போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பியது பிரிவு 206(4)-இன் கீழ். ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, அது ஆர்டிஓ உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு முடிவு செய்ய வேண்டியது. முதல் தடவை என்றால் மூன்று மாதம், இரண்டாம் தடவை என்றால் உரிமமே ரத்து. மூன்று மாதம் கழிந்தாலும் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் கையில் திரும்பக் கிடைக்கும்.

ஒன்று உடனே கேளுங்கள். தம்பி இப்போது வண்டி ஓட்டுகிறாரா? 206(4)-இல் கொடுக்கும் ரசீது ஒப்புகைச் சீட்டு மட்டும்தான். லைசென்ஸ் திரும்பி வரும் வரை அதை வைத்து ஓட்டக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

பைக்பிரியன்:

எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ரோடு முழுக்கக் குழி, அதில் விழுந்து சாகிறவனுக்கு யாரும் சலான் போடுவதில்லை. ஒரு டாக்ஸிக்காரர் கஸ்டமருக்குப் பதில் சொன்னால் மூன்று மாதம் பட்டினியா? சரி, மேப் பார்ப்பதும் போன்தானே? அந்த ஆப் இல்லாமல் கால் டாக்ஸியே ஓட்ட முடியாதே, அதற்கும் பிடிப்பார்களா? சிக்னலில் நிற்கும்போது பார்த்தால்? ப்ளூடூத்தில் பேசினால்?

வழக்குக்கட்டு:

குழி பற்றிக் கேட்டது நியாயமான கேள்விதான். மத்திய அரசின் 2021 விபத்து அறிக்கையில் குழிகளால் இறந்தவர்கள் 1,481 பேர், ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் இறந்தவர்கள் 1,040 பேர். குழி எண்ணிக்கைதான் அதிகம், அதற்குப் பொறுப்பானவர்களையும் கேட்க வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் 1,040 என்பது போன் என்று போலீஸ் பதிவேட்டில் ஏறியவர்கள் மட்டும். பெரும்பாலான எஃப்ஐஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வழக்கமான வரிதான் இருக்கும், அதற்குள் எத்தனை போன் ஒளிந்திருக்கிறது என்று யாரும் தோண்டுவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவன் கண்ணுக்கு முன்னால் இருக்கும் குழியும் படாது.

மேப்புக்கு 2020 அக்டோபர் முதல் விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில். டேஷ்போர்டில் ஸ்டாண்ட் வைத்து, கிளம்பும் முன் இடத்தைப் போட்டுவிட்டு ஓட்டுவது இதில் அடங்கும். ஓடும்போது அதே திரையில் கஸ்டமருக்கு மெசேஜ் அடிப்பது அடங்காது. சிக்னலில் நின்றால் குற்றமில்லை என்று பிரிவு 184-இல் எங்கும் எழுதவில்லை, அதை நம்பி இறங்காதீர்கள். ப்ளூடூத்தில் கையில் போன் இல்லாததால் இந்தப் பிரிவின் வார்த்தைக்குள் வராமல் போகலாம், ஆனால் ஆபத்து குறைந்துவிடுவதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு பல வருடமாகச் சோதித்துச் சொல்வது, பேச்சில் மனம் போய்விட்டால் கண் நேராகப் பார்த்த பொருளைக்கூட மூளை பதிவு செய்வதில்லை என்பதுதான். கை காலியாக இருந்தாலும் அதே கதைதான்.

பணிமனை ஓய்வு:

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தம்பி பைக்பிரியன், கோபப்படாமல் படியுங்கள்.

பஸ் சீட் உயரம். அங்கிருந்து பார்த்தால் யார் போன் பார்க்கிறார் என்று போலீஸைவிட எங்களுக்கு முதலில் தெரியும். முன்னால் ரோடு காலியாக இருக்கும், ஆனால் அந்த வண்டி காரணமே இல்லாமல் வேகம் குறையும். பிறகு மெதுவாக நடுக்கோட்டைப் பார்த்து நகரும், ஓட்டுகிறவர் திருப்பவில்லை, வண்டி தானாக நகர்கிறது. இரவு என்றால் முகவாயில் கீழிருந்து வெளிச்சம் அடிக்கும். திடீரென்று தலை நிமிரும், எங்கே வந்துவிட்டோம் என்று பதறி ஹேண்டில்பாரை ஒரே வெட்டாக இடது பக்கம் வெட்டுவார். பல தடவை அடிபடுவது அவர் இல்லை, அந்த வெட்டில் அவருக்கு இடது பக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர்தான்.

60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர். ஐந்து வினாடி குனிந்து ஒரு வரி அடித்தால் எண்பது மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு போனதாக அர்த்தம். ஏழு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. ஐந்து வினாடி என்று நான் கையில் வந்ததைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் லாரி கேபினுக்குள் கேமரா வைத்துப் பதிவு செய்து 2009-இல் வெளியிட்டார்கள், மெசேஜ் அடிக்கிற டிரைவரின் கண் ஆறு வினாடியில் 4.6 வினாடி ரோட்டில் இல்லை. விபத்தோ மயிரிழையில் தப்புவதோ நடக்கிற வாய்ப்பு 23 மடங்கு. அவர்களெல்லாம் தொழில் டிரைவர்கள், நேற்றைக்குக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இல்லை. அனுபவம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன் என்று என்னிடம் யார் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

அதே நாட்டில் கலிஃபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற ஊரில் 2008 செப்டம்பர் 12 அன்று ஒரு பயணிகள் ரயில் ஓட்டுநர் மெசேஜ் அனுப்பிக்கொண்டே சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் எதிரில் வந்த சரக்கு ரயிலில் மோதினார். 25 பேர் இறந்தார்கள். கடைசி மெசேஜ் போனது மோதுவதற்கு 22 வினாடி முன்னால். ரயிலுக்கு ஸ்டீயரிங்கூட இல்லை, சிக்னலைப் பார்ப்பதுதான் அவர் வேலையே.

சிங்காநல்லூர்க்காரன்:

வழக்குக்கட்டு சார், ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். ஃபைன் கட்டியாச்சே என்று எல்லோரும் சொன்னதால் ஓட்டினான். உங்கள் பதிலைப் படித்துக் காட்டியதும் சாவியைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டான். டிஜிலாக்கர் விஷயம் என்ன? ஒருவேளை ஏதாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வழக்குக்கட்டு:

நல்ல வேளை. டிஜிலாக்கரில் படம் தெரியலாம், ஆனால் தகுதியிழப்பு ஆணை, அதாவது லைசென்ஸை நிறுத்திவைக்கும் உத்தரவு, வந்தால் அதை ஆர்டிஓ போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. போலீஸ் எண்ணைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தகுதியிழப்பில் இருக்கும்போது ஓட்டினால் பிரிவு 182, மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம்.

அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். போன் பேசினான் என்ற காரணத்துக்காக மட்டும் மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை கம்பெனி மறுக்க முடியாது, அது சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் காரணங்களில் இல்லை. ஆனால் தகுதியிழந்தவர் ஓட்டினார் என்பது இருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பெரும்பாலும் என்ன செய்யும் என்றால், பாதிக்கப்பட்டவருக்கு நீ முதலில் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் பண்ணிக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவு போடும். வண்டி உங்கள் தம்பி பெயரில் இருக்கிறது. இறந்தவர் சம்பாதிக்கும் வயதில் குடும்பஸ்தர் என்றால் தொகை பல லட்சம் போகும், வண்டியை விற்றாலும் அடைபடாது.

உயிர் போனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 106(1). பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ-வில் இரண்டு வருடமாக இருந்தது இப்போது ஐந்து வருடம் வரை. கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று வருடம் வரை. மெசேஜ் அடித்தது எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நெட்வொர்க் கம்பெனி பதிவில் நிமிடக் கணக்காக இருக்கும். வாட்ஸ்அப் என்றால் போனையே கைப்பற்றி தடயவியலுக்கு அனுப்பலாம், அழித்தாலும் எதிர்த்தரப்பு போனில் நேரத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அடிபட்டவரே போன் பார்த்துக்கொண்டு வந்தவர் என்றால் அவருடைய பங்கும் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பங்கை வெட்டுவார்கள். கால் போன பையனுக்குக் கிடைக்க வேண்டிய தொகை இப்படிக் குறையும்போது அந்தத் தாய்க்கு இதை விளக்கிச் சொல்வது எனக்கு இன்றுவரை கஷ்டமான வேலை.

மஞ்சள்போர்டு:

சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். எல்லோரும் டிரைவரை மட்டுமே திட்டுகிறீர்கள், மெசேஜ் அனுப்புகிறவரையும் கொஞ்சம் பாருங்கள். வண்டி வரைபடத்தில் நகர்வது அவர் திரையிலேயே தெரிகிறது, இருந்தும் "எங்கே" என்று கேட்பார், பதில் இல்லையென்றால் கேன்சல். அடுத்த டிரிப் வேண்டுமா என்று ஆப் சத்தம் போடும், சில வினாடிக்குள் தொடாவிட்டால் போய்விடும். வயிற்றுப்பாடு அந்த வினாடிகளில் இருக்கிறது.

நான் செய்வது, டிரிப் எடுத்ததும் வண்டியை நகர்த்தாமல் "ஓட்டிக்கொண்டு வருகிறேன், பதில் போட முடியாது, வந்ததும் அழைக்கிறேன்" என்று முதலிலேயே ஒரு மெசேஜ் போட்டுவிடுவது. பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். போனில் டிரைவிங் மோட் போட்டால் நோட்டிஃபிகேஷன் சத்தம் நிற்கும், ஆனால் டிரிப் சத்தமும் நிற்காமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கேன்சல் ஆனால் ஆகட்டும்.

அண்ணா, தம்பிக்கு இந்த மூன்று மாதமும் ஆக்டிங் டிரைவர் போடச் சொல்லுங்கள். டியூ நின்றுபோனால் வண்டியே போய்விடும். வருகிறவரின் லைசென்ஸை ஆர்டிஓ போர்ட்டலில் எண் போட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஆக்டிங் வருவதாகச் சொல்லியிருக்கிறார், லைசென்ஸ் எண் வாங்கிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. விளக்கக் கடிதத்தில் செய்யவே இல்லை என்று எழுதலாமா என்று தம்பி கேட்கிறான். ஆர்டிஓ ஆணை போட்டுவிட்டால் அதற்கு மேல் வழி உண்டா?

வழக்குக்கட்டு:

செய்யவில்லை என்று எழுதாதீர்கள், பணம் கட்டிய ரசீது அதற்கு எதிராக நிற்கும். முதல் தடவை, வேறு சலான் இல்லை, வண்டிக்குக் கடன் இருக்கிறது, அந்த வண்டிதான் குடும்ப வருமானம், புத்தாக்கப் பயிற்சிக்குத் தயார் என்று உள்ளதை எழுதி, சலான், ரசீது, கடன் அட்டவணை நகல் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். குறிப்பிட்ட தேதியில் தம்பியே நேரில் போகட்டும், புரோக்கர் வேண்டாம். ஆணை வந்தால் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 19(3)-இல் மேல்முறையீடு செய்யலாம், அதனால் கவரில் இருக்கும் தேதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.