காகிதப்பூ போன்சாய்: இலை தழைக்கிறது, பூ இல்லை

கேள்வி (கிருஷ்ணகிரி):
போன்சாயாக்கும் (தொட்டியில் குறுமரமாக வளர்க்கும்) நோக்கில், மூன்றாண்டுகளுக்கு முன் தடித்த போத்தாக (வெட்டிய கிளைத்துண்டாக) நட்ட காகிதப்பூ, செம்மண் தொட்டியில் இலையாகவே தழைக்கிறது. பூக்கச் செய்வதும் கிளைகளை வளைப்பதும் எப்படி என்று அறிந்தவர்கள் கூறவும்.

மறுமொழி (ஓசூர்):
வணக்கம். தழைச்சத்து மிகுந்தாலும் நிழல் விழுந்தாலும் இலைதான் பெருகும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் மாடியில் வைத்து, இலை சற்றே துவளும்வரை காயவிட்டுப் பிறகு நீர் ஊற்றுங்கள். புதுத்தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒருமுறை பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்ய (கிளைகளை வெட்டிவிட) வேண்டும். முற்றிய கிளை வளையாது, ஒடியும். தண்டு பச்சையாக இருக்கும்போதே அலுமினியக் கம்பியைச் சுற்றி, பட்டையில் பதியுமுன் கழற்றிவிடுங்கள்.

மறுமொழி (பாலக்கோடு):
வெறும் செம்மண் தொட்டியில் இறுகிவிடும். பெருமணலோ செங்கல் சல்லியோ கலக்கலாம். வேர் மெல்லியது, மண் மாற்றும்போது உதறாதீர்கள். அடிமரம் பருக்கும்வரை போன்சாய்க்கான தட்டைத் தொட்டிக்கு மாற்ற அவசரமில்லை (அழகுக்காகப் பலரும் அவசரப்படுகிறார்கள்).

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. சித்திரை வெயிலிலும் காயவிடலாமா?

மறுமொழி (ஓசூர்):
கூடாது. சிறு தொட்டி ஒரே பகலில் வறண்டுவிடும். அப்போது காலையிலேயே நீர் ஊற்றிவிடுங்கள்.